இடது பக்கக் கண்ணாடி

அப்பாவின் காரில் இடது கதவின் உட்பலகையை மகள் நெம்பிக் கழற்றியபோது இரண்டு கிளிப்புகள் உடைந்து தெறித்தன. போகட்டும் என்று பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். வீட்டுக்குள் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அமரர் ஊர்தி மூன்று மணிக்கு வரும். இப்போதே இரண்டேகால்.

"உள்ள ஜனம் வந்துட்டிருக்கு, நீ இங்க ஸ்பேனரும் கையுமா நிக்கிற" என்றார் சித்தப்பா. "என் வண்டியில ஏசி இருக்கு. அண்ணியை நான் கூட்டிட்டுப் போறேன்."

"அம்மா வர மாட்டாங்க சித்தப்பா."

அப்பாவின் வண்டியில்தான் வருவேன், முன்சீட்டில், கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்று அம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். கண்ணாடி மூடிய வண்டியில் அவளுக்குக் குமட்டும். இருபத்தேழு வருஷமாக அந்த இரண்டு கதவு வண்டியில் புளிப்பு மிட்டாயை அதக்கிக்கொண்டு, வழியெல்லாம் அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தவள். இடது கண்ணாடி ஏன் இறங்கவில்லை என்றால் அப்பாவிடம் ஒரே பதில்தான்: "மோட்டர் போச்சு." கார் எலக்ட்ரீஷியனாகிப் பட்டறை வைத்த மகளைக்கூட அவர் அந்தக் கதவில் கைவைக்க விட்டதில்லை.

நேற்று மாலையிலிருந்து அம்மா ஒரு சொட்டு அழவில்லை. "ஒரு மோட்டர் மாத்த மனசு வரல. என்மேல அப்படி என்ன காட்டமோ" என்றாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தே. அந்தப் பேச்சோடு அவரை அனுப்ப மகளுக்கு மனசில்லை.

பட்டறையிலிருந்து வேறு மோட்டர் கொண்டுவந்திருந்தாள். கழற்றுமுன் பழக்கதோஷத்தில் பழைய மோட்டரின் ஒயர்களை நேராக பேட்டரியில் கொடுத்துப் பார்த்தாள். கண்ணாடி நடுங்கிக்கொண்டே இறங்கியது. ஒயர்களை மாற்றிப் பிடித்தாள். ஏறியது. மோட்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் இடது கதவின் சுவிட்ச் தானாக ஒன்றும் கிழித்துவிடாது. அழுத்தினால் மோட்டருக்குக் கரண்ட் போகும். ஆனால் அது திரும்பி எர்த்துக்குப் போகிற வழி ஓட்டுகிறவர் பக்கத்து சுவிட்ச் வழியாகத்தான். அங்கே வழி அடைபட்டால் இங்கே அழுத்தி அழுத்தி விரல் தேயவேண்டியதுதான்.

வலது கதவின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தாள். இடது கண்ணாடிக்கான எர்த் ஒயர் துரு தின்று அறுந்திருக்கவில்லை. கட்டிங் பிளேயரால் வெட்டி, முனையை மடக்கி, இரண்டு சுற்று டேப் ஒட்டியிருந்தது. அப்பாவின் கைவேலை. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. செத்த மனுஷனிடம் போய்ச் சண்டையா போட முடியும்?

டேப்பைப் பிரிக்கும்போதுதான் நினைவு வந்தது. நாலு வயசு. அம்மாவின் மடியில் நின்று தலையை வெளியே நீட்டியிருந்தாள். முழங்கால் சுவிட்சில் பட்டு, கண்ணாடி ஏறித் தொண்டையை அழுத்தியது. அப்பா தன் பக்கத்து சுவிட்சை அழுத்திக் கண்ணாடியை இறக்கியபடியே பிரேக் போட்டார். அந்தக் குலுங்கலில்தான் அம்மா விழித்தாள்.

"என்னாச்சுங்க?"

"நாய் குறுக்க வந்துச்சு. நீ தூங்கு."

நாயே வரவில்லை. அப்பா மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். உண்மையைச் சொன்னால், தூங்கிவிட்டோமே என்று அம்மா ஆயுசுக்கும் தன்னையே தின்றுகொண்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். அதைவிட, ஒயரை வெட்டிவிட்டுத் திட்டு வாங்குவது சுலபம் என்று நினைத்திருப்பார்.

ஒயரைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினாள். கொண்டுவந்த மோட்டரைப் முன்சீட்டுக்குக் கீழே அழுக்குத்துணியில் மூடித் தள்ளினாள். பலகையை மாட்டி முடிக்கவும் ஊர்தி வரவும் சரியாக இருந்தது.

அப்பாவை ஏற்றியதும் அம்மா வந்து உட்கார்ந்தாள். கால் அந்தத் துணியிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான்.

"என்னடி கோளாறு?"

"மோட்டர்தாம்மா. உள்ள கருகிக் கிடந்துச்சு. இந்த மாடலுக்கு அப்ப எங்கேயும் கிடைச்சிருக்காது."

"நிஜமாவா?"

"நான் பாக்காத மோட்டரா?"

அம்மா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான்தான் அந்த மனுஷனைச் சும்மா..." என்று ஆரம்பித்து முடிக்காமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மகள் தடுக்கவில்லை.

முன்னால் ஊர்தி நகர்ந்தது. அம்மா முகத்தைத் துடைத்தாள். சுவிட்சை அழுத்தினாள். கண்ணாடி முழுசாக இறங்கிக் கதவுக்குள் போனது.

"எடு வண்டியை. அவர் போறாரு பாரு."

மகள் கியரைப் போட்டாள். அம்மா முழங்கையை வெளியே வைத்துக்கொண்டாள்.