ஓடைக்குக் குறுக்கே வலை

ஐப்பசி இரண்டாவது ஞாயிறு, விடிந்தும் விடியாததுமாக சிவரஞ்சனி குரங்கணிக்கு மேலே ஜீப்பிலிருந்து இறங்கினாள். போடியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. மழைக்கு முன்னால் வடக்கேயிருந்து வந்து இறங்கும் பறவைகளை எண்ணிக் குறித்துக்கொள்வது ஏழு வருடப் பழக்கம். கூட்டிக்கொண்டு வந்தவன் அண்ணன் அருள்பாண்டி. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு அவனுடையது. பறவைகள் அவனுக்கு ஒரு பொருட்டல்ல. தங்கச்சி காட்டோரம் தனியாகப் போகக்கூடாதென்று வருவான், வந்ததும் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்குவான்.

"எட்டு மணிக்குள்ள வந்துரு. கீழ சோலி கெடக்கு."

"வந்துர்றேண்ணே."

அவள் ஓடைக்கரையோடு நடந்தாள். அந்த வருடத்தின் முதல் ஆறுமணிக்குருவியைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. இமயமலை அடிவாரத்திலிருந்து இரவு இரவாகப் பறந்து வரும் குருவி அது. வந்து சேரும்போது பறக்கத் தெம்பில்லாமல் தரையில் கிடப்பதும் உண்டு. இருநூறு அடி போனதும் குருவிச் சத்தம் கேட்டது. ஆனால் அது வழக்கமான விசில் இல்லை, அலறல்.

காப்பிச் செடிகளுக்கு நடுவே, ஓடைக்குக் குறுக்கே நைலான் வலை கட்டியிருந்தது. நாற்பது ஐம்பது பறவைகள் அதில் தொங்கின. சில துடித்தன, சில அடங்கிவிட்டன. கரையில் ஒரு சாக்கு அசைந்தது. கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளேயும் பறவைகள். பறந்துவிடாதபடி எல்லாவற்றுக்கும் இறக்கையை ஒடித்துப் போட்டிருந்தார்கள்.

பையிலிருந்து கத்தரியை எடுத்து வலையை வெட்டத் தொடங்கினாள். நாலாவதாக விடுவித்த குருவி பறந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏ, வலையத் தொடாத."

மொக்கச்சாமி. சாலையோரக் கடைகளுக்குக் குருவிக்கறி கொடுக்கிறவன். இடுப்பில் அருவாள் இருந்தது.

"இதுகளப் பிடிச்சா கேசாகும், தெரியுமில்ல?"

"நீ யாரு, பாரஸ்டா? வந்த வழியே போ, ஆத்தா."

அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. அவன் அவளைத் தாண்டி வந்து வலையிலிருந்து ஒரு குருவியைப் பிடுங்கினான். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு. அவள் தேடி வந்த குருவிதான். அவள் முகத்துக்கு நேரே நீட்டி, கண்ணைப் பார்த்துக்கொண்டே அதன் கழுத்தைத் திருகினான்.

"வெட்டு. ஒண்ணு வெட்டுனா ஒண்ணு திருகுவேன்."

கழுத்தில் தொங்கிய பைனாகுலரை அவள் எப்போது கழற்றினாளென்று அவளுக்கே தெரியாது. வாரைப் பிடித்துச் சுழற்றி அவன் முகத்தில் அடித்தாள். மூக்கெலும்பு நொறுங்கியது. இன்னொரு தரம் ஓங்கினாள். அதற்குள் அவன் அருவாளை உருவி, அதன் பின்பக்கத்தால் அவள் தோளில் போட்டான். காறையெலும்பு முறிந்த சத்தம் அவள் காதிலேயே கேட்டது. விழுந்தவள் அலறினாள்.

அருள்பாண்டி வீல் ஸ்பானரோடு ஓடி வந்தான். முதல் அடி முழங்காலில். மொக்கச்சாமி சரிந்தான், அருவாள் எகிறி ஓடைத் தண்ணீரில் விழுந்தது. அதோடு முடிந்திருக்கலாம். அருள்பாண்டி அவனுடைய வலக்கையை இழுத்துப் பாறைமேல் வைத்து மிதித்துக்கொண்டு, ஸ்பானரால் இடித்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

"விட்ருப்பா... அப்பு, விட்ருப்பா..."

"அண்ணே, போதும். செத்துருவான்ணே."

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. சிவரஞ்சனி ஒரு கையை ஊன்றித் தவழ்ந்து வந்து மொக்கச்சாமியின் கைமேல் கவிழ்ந்து படுத்தாள். ஓங்கிய ஸ்பானர் அவள் தலைக்கு மேலே நின்றது. அண்ணன் அவளை யாரோ போலப் பார்த்தான். பிறகு ஸ்பானரைக் கீழே போட்டான்.

மொக்கச்சாமியின் கையைத் துண்டில் சுற்றி, அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். வளைவுகளில் இறங்கும்போது அருள்பாண்டி சொன்னான்: "அருவாளோட என்மேல பாஞ்சான், தடுத்தேன். நீ இத மட்டும் சொன்னாப் போதும்." பின்சீட்டில் மொக்கச்சாமி பல்லைக் கடித்து முனகிக்கொண்டே வந்தான்.

தோளில் கட்டுப் போட்டு முடித்ததும் ஆஸ்பத்திரிக்கே எஸ்.ஐ. வந்தார்.

"கை நசுங்கினப்போ அருவாள் யாருகிட்ட இருந்துச்சும்மா?"

"தண்ணியில கெடந்துச்சு சார்."

"அவன் நின்னானா?"

"விழுந்து கெடந்தான். மொதல்ல அடிச்சது நான்தான் சார். அதையும் எழுதிக்கிருங்க."

மொக்கச்சாமிக்கு மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். பறவைகளைப் பிடித்ததற்கும் அவளை அருவாளால் அடித்ததற்கும் அவன்மேல் வழக்கு. அவள் மேலும் வழக்கு. அருள்பாண்டியை ரிமாண்டு செய்தார்கள். அண்ணன் வீட்டுக்குப் போனவளை மதினி தேவி வாசலிலேயே வழிமறித்து, "கூடப்பொறந்தவன உள்ள தள்ளிட்டு இங்க எதுக்கு வந்த?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். அலுவலகத்தில் சிலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

இருபத்தாறாம் நாள் ஜாமீன் கிடைத்தது. மறுநாள் மத்தியானம் அருள்பாண்டி அவள் வாடகை வீட்டுக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. உட்காரச் சொல்லியும் நின்றான்.

"ஒன்னய அடிச்சவனுக்காக என்னைய மாட்டிவிட்டேல்ல."

"ஒரு அடி அடிச்சு நிறுத்தியிருந்தா நான் எதுக்குண்ணே சொல்லப் போறேன்? விழுந்தவன ஏன் அடிச்ச?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"நிறுத்த முடியல ரஞ்சனி. அடிக்க அடிக்க... நல்லா இருந்துச்சு. ஜெயில்ல ராப்பகலா இதான் ஓடுச்சு. யாருகிட்டச் சொல்ல?"

அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"அவன் மூக்கு ஒடைஞ்சப்போ எனக்கும் அப்படித்தாண்ணே இருந்துச்சு. ரெண்டாவதுக்கும் ஓங்கிட்டேன். அவன் முந்தலைன்னா நானும் நிறுத்தியிருக்க மாட்டேன்."

அருள்பாண்டி மெல்லத் தரையில் உட்கார்ந்தான். அவள் சாப்பாடு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் அள்ளியவன் தன் வலக்கையையே பார்த்தான். சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான்.