ஒரு சாண் புல்

அண்ணனின் காலணியை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் தங்கை. பெட்டிக்குள் போகப்போகிற காலணிக்கு இத்தனை மெருகு எதற்கென்று யாரும் கேட்கவில்லை. அவன் முகத்தை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

நேற்றுக் காலை அவன் ஓட்டிய சிறிய விமானம் தரையை விட்டு எழும்பியதும் கொக்குக் கூட்டம் முன்கண்ணாடியில் மோதியது. அவ்வளவுதான். அந்த ஓடுபாதையில் பறவை விரட்டும் வேலை அவள் கணவனுடையது. விடிந்ததிலிருந்து வாசல் கதவைப் பிடித்தபடி நிற்கிறான், உள்ளே வரவில்லை.

“மெக்கானிக் சொன்னான்,” என்றாள் அம்மா. “புல்லு ஒரு சாண் இருந்தா பறவை இறங்காதாம். ஒட்ட வெட்டினா பூச்சி தேடி வந்துடுமாம். தெரிஞ்சிருந்தும் உன் புருஷன் ஏன் முந்தாநாள் வெட்டினாரு?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அண்ணன்தான் ஆரம்பித்தான். “என்ன மாப்ளே, ரன்வேயில மாடு மேய்க்கப் போறீங்களா? ஆபீசருங்க வர்ற நேரத்துல மானத்தை வாங்காதீங்க. வெட்டி விடுங்க.”

“வேணாம் மச்சான். கொக்கு வந்துடும்.”

“வரட்டுமே. என்னைக் கேட்டுட்டுத்தான் பறக்கும்!” அண்ணன் வெடித்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். மச்சான் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத மனிதன் மறுநாளே வெட்டிவிட்டான்.

இதை அவன் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. செத்தவன்மேல் பழி போட நா எழவில்லை போலும். கணவனை நினைக்க அவளுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“வாயில என்ன கொழுக்கட்டையா?” அம்மா மறுபடி கேட்டாள். “யார் சொல்லி வெட்டினாரு?”

“நான்தாம்மா சொன்னேன். பார்க்க அசிங்கமா இருக்குன்னு.”

வாசலில் நின்றவன் நிமிர்ந்தான். “இல்ல அத்தே...” என்று தொடங்கியவன், அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

அம்மா வெள்ளைத் துணியின் ஓரத்தை நீவி விட்டாள். நேராகத்தான் இருந்தது, மறுபடியும் நீவினாள்.

“ஞாயித்துக்கிழமை அவன் சிரிச்சது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு,” என்றாள்.

தங்கையின் கை காலணிமேல் நின்றுவிட்டது.

“தனியா மாட்ட முடியாதுடி. கால் விறைச்சிருக்கும். அவரையும் உள்ள வரச் சொல்லு.”

அவன் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தான். அவற்றின் அடிப்பள்ளங்களில் வெட்டுப்புல் இன்னும் முழுதாகக் காயாமல் ஒட்டியிருந்தது.