வால்வடிக் குமிழ்கள்

அன்று மாலை கிளப் கொட்டகையில் இருந்தவர்கள்: முன்சக்கரத்தை மடியில் வைத்திருந்த யெர்னேயா, கையில் சாவிக்கொத்தோடு கிளப் தலைவர் ஸ்ரெச்கோ, பந்தய ஷூவை இப்போதே மாட்டிக்கொண்டு வந்துவிட்ட அவருடைய அக்கா மகன் காஸ்பெர். ஒரு பூனையும் இருந்தது, அதற்கு ஓட்டு இல்லை.

மறுநாள் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஊரோடு மலையிறங்கும் பந்தயம். முந்தின மாலையே சைக்கிள்கள் கொட்டகைக்குள் வந்துவிட வேண்டும் என்பது கிளப்பின் சட்டம். காலையில் தலைவர் ஒவ்வொரு டயரிலும் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். விரல் அமுங்கினால் அந்த ஆள் கிடையாது, மாற்று ஆள் இறங்குவான். இந்த முறை மாற்று ஆள் காஸ்பெர். டியூப் இல்லாத டயர் மாட்டிய யெர்னேயாவின் முன்சக்கரமோ வாரம் முழுக்க ராத்திரியில் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. காலையில் தொட்டால் பழுத்த பேரிக்காய்தான்.

பேசாமல் உள்ளே டியூபைப் போட்டுக்கொள் என்றார் ஸ்ரெச்கோ. போன வருஷம் அப்படித்தான் போட்டாள். சுரங்கக் கழிவுக் கற்கள் கிடக்கும் வளைவில் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி வெடித்தது. சைக்கிளைத் தோளில் சுமந்து அவள் இறங்கியதை இரண்டு ஊரும் நின்று வேடிக்கை பார்த்தது.

அவள் சோப்புத் தண்ணீரைத் தடவினாள். வால்வின் அடியில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. வால்வுதான் என்று அப்போதே சொன்னேனே என்று ஸ்ரெச்கோ குறட்டைத் தேடினார். வால்வை இந்த வாரமே புதிதாக மாற்றியாயிற்று, குறடு வைத்து இறுக்கியும் ஆயிற்று. யெர்னேயா பிரஷ்ஷைச் சக்கரம் முழுக்க ஓட்டினாள். எதிர்ப்பக்கத்தில், ஒரு கம்பி ரிம்முக்குள் நுழையும் இடத்திலும் நுரை கட்டியது. அங்கே ஏது வால்வு? ரிம்மின் கம்பி ஓட்டைகளை மூட உள்ளே ஒட்டிய டேப் கிழிந்து, காற்று ரிம்முக்குள் புகுந்து, கிடைத்த ஓட்டை வழியாகவெல்லாம் வெளியே வருகிறது.

டயரைக் கழற்றப் போகிறேன் என்றாள். பந்தயத்துக்கு முந்தின நாள் சக்கரத்தைப் பிரித்தால் பட்டியலிலிருந்து பேரை அடித்துவிடுவேன் என்று ஸ்ரெச்கோ சாவிக்கொத்தை ஆட்டினார்.

“அடிங்க. நான் பிரிக்கத்தான் போறேன்.”

“ஒரு டியூபுக்கா இவ்வளவு வீராப்பு?”

“போன வருஷம் சைக்கிளச் சுமந்தது நீங்களா, நானா?”

டயரைப் பிடுங்கினாள். ஓட்டையடைக்க உள்ளே ஊற்றியிருந்த வெள்ளைப் பால் தலைவரின் ஷூவில் சிந்தியது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

டேப்பில் நகமளவு கீறல். கத்தியால் இழுத்தது போல நேராக இருந்தது. எது இப்படிக் கிழிக்கும் என்று மூவருக்கும் தெரியும். அது சுவர் ஆணியில் தொங்கியது. ஸ்ரெச்கோ சுரங்கத்தில் இருந்த காலத்தில் அடித்துச் செய்த இரும்பு நெம்பி. சீசனின் முதல் டயரை எல்லோருக்கும் தலைவர்தான் அதை வைத்து மாட்டுவார், மாட்டியதும் ஆளுக்கொரு மடக்கு பேரிக்காய்ச் சாராயம். அது ராசி. எல்லோரும் டியூப் போட்ட காலத்தில் காற்று அதற்குள்ளேயே நின்றதால் டேப் கீறினாலும் வெளியே தெரியவில்லை.

“என் கை பட்டு இத்தன வருஷத்துல ஒருத்தன் டயரும் இறங்கினதில்ல,” என்றார் ஸ்ரெச்கோ.

காஸ்பெர் தொண்டையைச் செருமினான். “எனக்கும் பின்சக்கரம் இறங்குது மாமா. ராசி போயிடும்னு சொல்லல.”

“எல்லாருக்கும் இறங்குது தலைவரே,” என்றாள் யெர்னேயா. “ஒருத்தரும் சொல்லல. நான் சொல்றேன்.”

ஸ்ரெச்கோ அதன் பிறகு பேரை அடிக்கும் பேச்சை எடுக்கவில்லை. காலையில் விரல் சொல்லும் என்றார், அவ்வளவுதான்.

பழைய டேப்பை உரித்து, ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, புது டேப்பைச் சுருக்கம் விழாமல் இழுத்து ஒட்டினாள். டயரை வெறும் கையாலேயே மாட்டினாள். கட்டைவிரல் தோல் உரிந்தது. பால் ஊற்றிக் காற்றடித்ததும் டயரின் விளிம்பு டப்பென்று ரிம்மில் உட்கார்ந்தது. மறுபடியும் சோப்புத் தண்ணீர். குமிழே இல்லை.

காலையில் ஸ்ரெச்கோ கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அமுங்கவில்லை. மறு கைவிரலை வைத்தார். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்தார்.

“விரல் சுளுக்கிக்கப் போகுது மாமா,” என்றான் காஸ்பெர். அன்று அவன் செருப்போடு வந்திருந்தான்.

யெர்னேயா சைக்கிளை வெளியே தள்ளி நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தாள். ஆணியிலிருந்து நெம்பியை எடுத்து ஸ்ரெச்கோவின் ஒரு கையில் வைத்தாள். மறு கையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டாள். அவர் முதலில் இறுக்கிப் பிடித்துப் பார்த்தார், பிறகு விட்டுக்கொடுத்தார்.

“இது இனி உங்க வீட்லயே இருக்கட்டும். வெளிய வாங்க தலைவரே.”

அவர் வெளியே வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தி அவளே பூட்டினாள்.