கடுகுக் கறை

மில்வாக்கி அரங்கில், பார்வையாளர் பக்கம் பறந்து வந்தபோது என் மனைவி லோரெட்டா கையால் பிடித்த பேஸ்பால் பந்து அது. அவள் இறந்தபின், விலை கேட்கலாம் என்று சேகரிப்பாளர்கள் கூடும் சந்தைக்கு எடுத்துப் போனேன்.

வியாபாரி டுவேன் பந்தை விளக்கடியில் உருட்டினார். "மட்டை பட்ட தடம் இருக்கு. ஆட்டத்துக்கு முன்னாடி தேய்க்கிற சேறும் அப்படியே இருக்கு. இந்த மஞ்சக் கறை என்னப்பா?"

"கடுகு சாஸ். பிடிச்சப்போ அவ ஹாட் டாக் ரொட்டி தின்னுட்டு இருந்தா."

"நல்ல ஆளுதான்! இது ஆட்டத்துக் கறை இல்லையே. துடைச்சா விலை ஏறும், தம்பி." ஈரத்துணியை எடுத்தார்.

கறையில் அவள் விரல்ரேகை பதிந்திருந்தது. துணி பந்தை நெருங்கியது. அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன்.

"விடுப்பா, வலிக்குது!"

அவர் துணியைக் கீழே போடும்வரை நான் விடவில்லை.