மயில்துத்தத்தில் விட்டுப்போன தண்ணீர்

சாயத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குத் 'தசமம்' என்று பெயர். காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்றால்கூட ஒன்றரை என்று சொல்ல வாய் வராது. ஒன்று புள்ளி ஐந்து என்பார். வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. கணக்கில் தப்பே விடாதவர் என்ற ஒரே பெருமையைக் கட்டிக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டார்.

அப்பேர்ப்பட்டவர் எட்டு மாதமாகத் தப்பு விட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு விதி. கரைசல் தயாரிக்கும் முன், பொருளில் உள்ள அணுக்களின் எடையையெல்லாம் கூட்டி வாய்பாட்டு எடையை ஒருவர் போட வேண்டும். இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சரியென்றால் தாள் உதவியாளர் மூலம் திரும்பி வந்துவிடும்; தப்பென்றால் போட்டவரிடம் சொல்ல வேண்டும்.

மயில்துத்தம் என்கிற நீலக் காப்பர் சல்பேட்டுக்குள் ஐந்து தண்ணீர் மூலக்கூறுகள் ஒளிந்திருக்கும். சேர்த்தால் 249.7, மறந்தால் 159.6. முதல் தடவை நிஜமாகவே மறந்துவிட்டார். அன்று சரிபார்த்தவர், கணவர் இறந்து பத்து வருஷமான எதிர்மேசை மேடம். தாளைத் தூக்கிக்கொண்டு நேரே வந்து நின்றார்.

"என்ன சார், அஞ்சு தண்ணியையும் நீங்களே குடிச்சிட்டீங்களா?"

அன்று முழுக்கத் தசமம் அந்தக் குரலையே நினைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் தாள்களில் ஒரே தண்ணீர்ப் பஞ்சம்.

இப்போது மேடத்துக்கு வேறு ஊருக்கு மாற்றல். நாளைக் காலை வண்டி. கடைசித் தாளும் மயில்துத்தம்தான். பழக்கதோஷத்தில் தசமம் 159.6 என்று எழுதிவிட்டார். மேடம் போடும் கடைசிக் கையெழுத்து ஒரு சரியான கணக்கின் கீழே இருக்கட்டும் என்று தோன்றியது. அடித்துவிட்டு 249.7 என்று எழுதி அனுப்பினார்.

தாள் உதவியாளர் மூலம் திரும்பி வந்தது. 'சரி.' பரீட்சையில் தோற்றவனைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, முதல் தடவையாகத் தானே எதிர்மேசைக்குப் போனார்.

"என்ன சார், நான் பாத்ததுல தப்பா?"

"இல்ல மேடம். சரியாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

தசமம் தாளை மேசையோரத்தில் நேராக வைத்தார்.

மேடம் குரலைத் தாழ்த்தினார். "பழைய தாளெல்லாம் எடுத்துப் பாத்தேன். எட்டு மாசத்துல முப்பத்தோரு தப்பு. மத்தவங்க சரிபாத்த நாள்ல ஒண்ணுகூட இல்ல."

காது இரண்டும் சுட்டன. "மன்னிச்சிடுங்க மேடம்."

"மேசைக்கு மேசை ஃபோன் இருக்கு சார். தப்பை அதுலயே சொல்லியிருக்கலாம். முப்பத்தோரு தடவையும் நான் எதுக்கு நடந்து வந்தேன்?"



மேடம் இழுப்பறையைக் காலி செய்துகொண்டே, "ஏழு மணி வண்டி. பெட்டி மூணு. தூக்க வரேன்னு யாரும் சொல்லல" என்றார்.

"ஆறரைக்கு ஸ்டேஷனுக்கு வந்துடறேன்."

பாதி தூரம் திரும்பியபிறகுதான் உறைத்தது. மூன்று பெட்டியை ஏற்றினால் தீர்ந்தது, தன் கையாலேயே அனுப்பிவைத்த கதையாகிவிடும். நடுவில் கிடைப்பது அரை மணி நேரம். எட்டு மாதமாகச் சொல்லாததை அதற்குள் எங்கே சொல்வது?

மறுபடியும் எதிர்மேசைக்குப் போய் நின்றார்.

"அஞ்சரைக்கே வரட்டுமா?"