பிரேக் போட்டால் வியாழக்கிழமை

பல் டாக்டரின் பழைய காரில் சட்டென்று பிரேக் போட்டால், உள்ளே இருப்பவர்கள் முன்கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழாமல் வெளியே பறந்து, வேறொரு நாளில் வந்து விழுவார்கள். விழுவது அதே காரின் அதே சீட்டில்தான். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்ததால் டாக்டர் மட்டும் எங்கும் போனதில்லை. அவர் மனைவி முதல் தடவை கிளம்பியது திங்கட்கிழமை, வந்து சேர்ந்தது வியாழக்கிழமை. விட்ட இடத்திலிருந்தே பேச்சைத் தொடர்ந்தவள், வீட்டுக்குள் போய்ப் பால் ஏன் திரிந்துபோயிருக்கிறது என்று சத்தம்போட்டாள். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடம் அந்த நாட்களைச் சம்பளமில்லா விடுப்பில் சேர்த்துக்கொண்டது. அடுத்த வாரம் வரச்சொல்லியிருந்த நோயாளி ஒருவர், வலி தாங்காமல் காரில் ஏறி உட்கார்ந்து, "ஒரே ஒரு பிரேக் போடுங்க டாக்டர்" என்று கெஞ்சினார்.

மனைவி சீட் பெல்ட் மாட்டியே ஆகவேண்டும் என்று மெக்கானிக்கை வீட்டுக்கே கூட்டிவந்தாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தக் கார் வந்த காலத்துல பெல்ட்டே கிடையாதுங்க. தரையில ஓட்டை போட்டு, அடியில தகடு வச்சு, போல்ட் முறுக்கணும். இல்லேன்னா பெல்ட்டும் சேர்ந்து பறக்கும்" என்றார்.

டாக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. "துரு படாத தரை. அதுல போய் ஓட்டையா?"

"ஊரு பல்லையெல்லாம் ஓட்டை போடுறீங்களே!" என்றாள் மனைவி.

"அதெல்லாம் சொத்தைப் பல்லு. இது நல்ல பல்லு."

பேச்சு அதோடு நின்றது. சில வாரம் கழித்துக் குறுக்கே ஒரு நாய் ஓடியது. டாக்டருக்கு ஆறு வயதில் இரட்டைப் பெண்கள். பின்சீட்டில் ஒருத்தி கழன்ற செருப்பைத் தேடி, முன்சீட்டுக்கு அடியில் தலையை விட்டுக் குனிந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்தில் இருந்தவளைக் காணவில்லை. வியாழக்கிழமை வந்தது, அவள் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் அப்படியே. "எடை கம்மியா இருந்தா தூரமாப் போயிடும்" என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்தபடி.

மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது டாக்டருக்குச் சோறு இறங்கியிருக்கும். காரைக் கிளினிக் வாசலில் நிறுத்தி, தினம் பின்சீட்டைத் துடைத்துவைத்தார். ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு நோயாளியை உட்காரவைத்துவிட்டு, ஜன்னலுக்கு ஓடி ஓடி எட்டிப் பார்த்தார். ஒருவர் வலித்த பல்லோடு வந்து, வலிக்காத பல்லைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு நாள் டாக்டரே டிரில்லை எடுத்துக்கொண்டு காருக்குள் முட்டி போட்டார். மெக்கானிக் அடியில் படுத்துத் தகட்டைப் பிடித்துக்கொள்ள, தரையைத் துளைத்தார். போல்ட்டுகளை முறுக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே முறுக்கினார்.

எட்டாவது மாதம், ஒரு சாதாரண மத்தியான வேளையில், அவள் வந்து விழுந்தாள். கையில் இருந்த குச்சி ஐஸ் இன்னும் உருகவில்லை.

"அப்பா, நாய் தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது கண்ணு" என்றார். நின்றுகொண்டிருந்த காரில், அவள் மடிமேல் பெல்ட்டை இழுத்து மாட்டி, பிடித்திருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் மனைவியைக் கூப்பிட ஓடினார்.

இருந்தவள் இதற்குள் வளர்ந்து, முன்பல் விழுந்து முளைத்து, "இனிமே என்னை அக்கான்னுதான் கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டாள். வந்தவள் ஒரு வாரம் அழுதுவிட்டு, அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். பள்ளி திறக்கும் சமயத்தில் சீருடை தைக்க இருவரையும் கூட்டிப்போனார்கள்.

"ரெட்டைப் பிள்ளைங்கதானே, ஒரே அளவு போதும்" என்றார் தையல்காரர்.

"இல்லைங்க, பெரியவளுக்கு எட்டு மாசம் கூட" என்றார் டாக்டர்.

"அப்போ அவளுக்கு ரெண்டு விரற்கடை நீளமா விடுறேன்" என்று தையல்காரர் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார்.