கனகசுந்தரத்தின் விமானமும் சைக்கிளும்

என் கணவர் கனகசுந்தரத்துக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. உட்துறைமுக வீதியில் எனக்கு மட்டுமே தெரிந்த இரகசியம் அது. ஒவ்வொரு நாளும் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு வேலைக்குப் போவார். யாரும் கேட்டால், "ஆமி மறிக்கிற சென்றிக்குச் சென்றி இறங்கி உருட்டத்தானே வேணும், பிறகென்னத்துக்கு ஏறுவான்?" என்பார். யுத்தம் எத்தனையோ பேருடைய மானத்தை வாங்கியது. இவருடையதை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தது.

இப்படிப்பட்டவர்தான் வீட்டுக்குள் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டினார். கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய விளையாட்டு. கூடவே ஒரு ஜொய்ஸ்டிக்கும் வந்தது. அந்தக் குச்சியைப் பிடித்தால் மனிதர் சோறு தண்ணி மறந்துவிடுவார்.

தொடக்கத்தில் விமானம் எழும்பவே இல்லை. குச்சியை இடப்பக்கம் சாய்ப்பார். அது நேரே போய்ப் புல்லுக்குள் இறங்கும். "சாமான் பழுது" என்று மகனைத் தொலைபேசியில் ஏசினார். மகன் பொறுமையாக விளக்கினான். சாய்த்தால் இறக்கையில் உள்ள தகடுதான் அசையும், அது வானத்தில்தான் உதவும். தரையில் விமானி காலால் மிதித்துத் திருப்புவான். நம்மிடம் மிதி இல்லாதபடியால் குச்சியைத் தண்ணீர்க் குழாய் திறப்பதுபோல முறுக்க வேண்டும்.

அன்றிலிருந்து குசினிக்குள்ளும் இதே கதைதான். "புஸ்பம், மெதுவாப் போகேக்கை மூக்குக்குக் கீழை உருளுற சில்லு திருப்பும். வேகம் பிடிச்சால் வால் திருப்பும். அப்ப கனக்க முறுக்கக் கூடாது." புட்டு அவித்துக்கொண்டு நிற்பவளுக்கு இது எதற்கு?

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. புலிகளின் சின்ன விமானங்கள் கொழும்புப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போயிருந்த நேரம். ஒரு காலை எங்கள் வீதியைச் சுற்றிவளைத்துச் சனத்தையெல்லாம் வெளியே இறக்கிவிட்டு, அந்தந்த வீட்டுக்காரரை மட்டும் கூட்டிக்கொண்டு ஆமி வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது இவருடைய விமானம் திரையில் சீனக்குடா ஓடுபாதையில் நின்றது. துறைமுகத்துக்கு அங்கால் இருக்கும் அதே சீனக்குடா விமானப்படைத் தளம். உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை இந்த மனிதருக்கு.

அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "இது என்ன? பிளேன் ஓட்டப் பழகுறதா?"

விசாரணைக்கென்று போன சிலர் அந்த வருடம் திரும்பி வரவே இல்லை.

"விளையாட்டு, சேர். எனக்கொண்டும் தெரியாது."

"ஓட்டிக் காட்டு."

பின்னால் நின்று முதுகில் கிள்ளினேன். நல்லவேளை, விளங்கிக்கொண்டார். குச்சியை முறுக்காமல் சாய்த்தார். விமானம் புல்லுக்குள் போய் விழுந்தது. அவர் கேவலமாக ஓட்டியதைப் பார்த்து நான் பெருமைப்பட்டது அன்றுதான்.

அதிகாரி சிரித்துவிட்டார். அத்தோடு போயிருக்கலாம். ஆனால் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. கதிரையில் உட்கார்ந்து ஜீப் ஓட்டுவதுபோல் குச்சியைச் சாய்த்தார். விமானம் நேரே போனது. உடம்பையும் சேர்த்துச் சாய்த்தார். புல்.

"இது பழுது. குப்பைச் சாமான்."

என் கணவர் எதையும் பொறுப்பார். மகன் அனுப்பியதைக் குப்பை என்றதைப் பொறுக்கவில்லை.

"பழுதில்லை சேர்! நீங்கள் சாய்க்கிறியள், தரையிலை முறுக்கவேணும். மெதுவாப் போகேக்கை மூக்குச் சில்லு, வேகம் பிடிச்சால் வால்..."

பாதியில்தான் அவருக்கே உறைத்தது. அதிகாரி எழுந்தார்.

"ஒண்டும் தெரியாது எண்டுதானே சொன்னது? ஜீப்பில ஏறு."

நான் குறுக்கே பாய்ந்தேன். "சேர், இந்த மனிசன் பிளேன் ஓட்டுமோ? இவருக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது!"

"புஸ்பம்!" என்று அலறினார் என் கணவர். ஜீப்புக்குக்கூட அவர் அப்படி அலறவில்லை. "பொய் சொல்லுறாள் சேர். நான் நல்லா ஓடுவன்!"

சாகப் போகிற நேரத்திலும் இந்த வீறாப்பு. எனக்கு அவரை அங்கேயே அடிக்கவேண்டும் போல் இருந்தது.

"அப்ப ஓடிக் காட்டு" என்றார் அதிகாரி.

வேலிக்கு வெளியே வீதிச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. இவர் முற்றத்தில் நின்ற சைக்கிளில் ஏறினார். ஹாண்டில் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது, பிறகு நேரே கோழிக்கூட்டுக்குள் போனது. அன்று எங்கள் வீட்டில் பறந்தவை கோழிகள் மட்டும்தான்.

ஆமிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரி கண்ணைத் துடைத்தார். "இவன் பறந்தா எங்களுக்குப் பயம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் படலையைத் தாண்டிப் போனார்.

நான் ஓடிப்போய் என் கணவரைத் தூக்கினேன். முழங்கால் கிழிந்து இரத்தம் வடிந்தது. வீதியே பார்க்கக் கட்டிப்பிடித்து அழுதேன். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆள் இருக்கிறார், அது போதும்.

அவர் தலையில் இருந்த கோழிச் சிறகைத் தட்டிவிட்டு, வேலிக்கு வெளியே சிரித்துக்கொண்டு நின்றவர்களுக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னார்: "பிழை சைக்கிளிலைதான். தரையிலை போற வாகனமெண்டால் காலாலை திருப்பிற மாதிரியெல்லோ செய்யவேணும்!"

வாய் அப்படித்தான் சொன்னது. கை மட்டும் வீட்டுக்குள் போகும்வரை என் கையை விடவே இல்லை.